ஐரிஷ் நாட்டுப்புற வாத்திய இசை: முதல் ஜிக்கைக் கேட்பது முதல் குழுவாக வாசிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கெல்டிக் இசையை முதல்முறை கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் ஒரே பாட்டு மாதிரி கேக்குது." எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. வேகமாக ஓடும் ஃபிடில், அதை ஒட்டியே ஓடும் ஒரு குழல், அடியில் ஒரு தோல்வாத்தியம். எங்கே ஒரு மெட்டு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிடிபடவே இல்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு அதே இசை வேறொன்றாகக் கேட்டது. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். 'கெல்டிக்' என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்ஸின் பிரிட்டனி, ஸ்பெயினின் கலீசியா என்று பல ஊர் இசைகளை ஒரே குடையின் கீழ் வைக்கும் பெயர். கடைகளும் விழாக்களும் அதை அதிகம் பயன்படுத்துகின்றன. அயர்லாந்தில் வாசிப்பவர்கள் தங்கள் இசையை 'ட்ராட்' (ட்ரெடிஷனல் என்பதன் சுருக்கம்) என்றுதான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயன்றால் ஒன்றும் கையில் நிற்காது. அயர்லாந்தில் தொடங்குங்கள். பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன, கற்க வழிகளும் அதிகம்.

படி 1: காலால் கேளுங்கள்

இந்த இசையில் பெரும்பகுதி ஆடுவதற்காகப் பிறந்தது. மெட்டின் பெயரைவிட, அது எந்த நடனத்துக்கானது என்பதே முதல் அடையாளம்.

ஜிக் என்றால் 6/8. வாயால் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே தட்டினால் சரியாக உட்காரும். ரீல் 4/4, 'தகதிமி தகதிமி' என்று ஓடும். ஸ்லிப் ஜிக் 9/8, அதாவது மூன்று தகிட. நம் காது மூன்றாவது தகிடத்தில் கொஞ்சம் தடுமாறும், அப்புறம் அதுவே பிடித்துப்போகும். ஹார்ன்பைப்பும் நான்கு தட்டுதான், ஆனால் நிதானமாக, ஒவ்வொரு ஜோடி ஸ்வரத்திலும் முதலாவது நீண்டு, இரண்டாவது குறுகி, ஒரு துள்ளலோடு வரும். போல்கா 2/4. கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியில் போல்காவும், 12/8இல் போகும் ஸ்லைடும்தான் உயிர்.

ஒரு எச்சரிக்கை. ஜிக்கின் தகிட மூன்றும் சம அளவாக வராது. முதல் எழுத்து சற்று நீளும், நடுவில் உள்ளது சற்றுச் சுருங்கும். எவ்வளவு நீளும் என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். காகிதத்தில் எழுதிய ஸ்வரத்தைப் பார்த்து வாசிப்பவரின் ஜிக் தட்டையாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வாரம் வேறு எதுவும் செய்யாமல், கேட்கும் ஒவ்வொரு பதிவையும் இது ஜிக்கா, ரீலா என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். பஸ்ஸில் போகும்போதே செய்யலாம்.

படி 2: மெட்டின் கட்டுமானத்தை எண்ணுங்கள்

பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு பார், அதாவது எட்டு தாளக்கட்டு. முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாம் பகுதி இரண்டு முறை, ஆக மொத்தம் 32 பார். அது ஒரு சுற்று. இரண்டாம் பகுதி வழக்கமாக மேல்ஸ்தாயியை நோக்கி ஏறும். நம் அனுபல்லவி ஏறுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஏற்றம் உடனே தெரியும்.

ஒரு மெட்டை இரண்டு அல்லது மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டுகள் சேர்ந்தது ஒரு 'செட்'. ஆரம்பத்தில் எனக்குக் குழப்பமாக இருந்தது இந்தத் தாவல்தான். விரல் விட்டு 32 வரை எண்ணத் தொடங்கியதும் குழப்பம் போய்விட்டது.

படி 3: ஸ்வரங்களை நமக்குத் தெரிந்த வழியில் அடையாளம் காணுங்கள்

கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்தப் படி சுலபம். ஐரிஷ் மெட்டுகள் பெரும்பாலும் நான்கு ஸ்வர வரிசைகளுக்குள் அடங்கும். மேஜர் என்பது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். மிக்சோலிடியன் என்பது ஹரிகாம்போஜி. டோரியன் என்பது கரஹரப்ரியா. அதிகம் வராத இயல்பு மைனர் நடபைரவி. ஸ்வரங்கள்தான் ஒன்று, ராகம் ஒன்றல்ல. நம் பிரயோகங்களையும் கமகங்களையும் அங்கே தேடாதீர்கள்.

இன்னொரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். நம் கச்சேரியில் ஆதார ஸட்ஜம் தொடக்கம் முதல் முடிவு வரை அசையாது. இங்கே ஒரு மெட்டு ஜி-யை ஸட்ஜமாகக் கொண்டிருக்கும், அடுத்தது ஈ-யை, அதற்கடுத்தது டி-யை. தாவும் அந்த ஒரு நொடியில் தரையே நகர்ந்ததுபோல் இருக்கும். செட்டின் சுவையில் பாதி அதில்தான் இருக்கிறது.

படி 4: கருவிகளைப் பிரித்துக் கேளுங்கள்

மெட்டு வாசிப்பவை, துணை நிற்பவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மெட்டுக் கருவிகளில் முதலில் ஃபிடில். வயலினேதான், வாசிக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்ப்பார்கள். ஸ-ப-ஸ-ப என்று சேர்த்துத் தரையில் அமர்ந்து வாசித்துப் பழகியவர்கள், கம்பிகளின் சுருதியையும் பிடிக்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அடுத்து மரப் புல்லாங்குழல், டின் விசில், பட்டன் அக்கார்டியன், கிளேர் மாவட்டத்தில் பெரிதும் கொண்டாடப்படும் கான்செர்டினா என்ற சிறிய துருத்தி வாத்தியம், நான்கு கம்பி பாஞ்சோ.

இவற்றுக்கெல்லாம் நடுவில் இல்லன் பைப்ஸ். இதை விரைந்து கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் பெரிய பேக்பைப் வாயால் ஊதப்படுவது. இதற்குக் காற்று தருவது முழங்கையின் கீழ் கட்டிய ஒரு துருத்தி. 'இல்லன்' என்ற சொல்லே ஐரிஷ் மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். உட்கார்ந்து வாசிப்பது. சாண்டர் என்ற மெட்டுக்குழல் இரண்டு ஸ்தாயி பேசும். மூன்று ட்ரோன் குழல்கள் தம்புரா போல இடைவிடாமல் சுருதி பிடிக்கும். மணிக்கட்டால் அழுத்தும் ரெகுலேட்டர் என்ற சாவிக் குழல்கள் நடுநடுவே கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, சேர்க்கும். ஒரே ஆள், ஒரே நேரத்தில் இத்தனையும். 2017இல் இந்த வாசிப்புக் கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

துணைக் கருவிகளில் கிதாரும் புஸூக்கியும் முக்கியம். புஸூக்கி கிரேக்க வாத்தியம். 1960களில் ஜானி மொய்னிஹன் அதை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார். டோனல் லனி போன்றவர்கள் அதற்குத் தட்டையான முதுகு வைத்து, அயர்லாந்துக்கே உரியதாக ஆக்கிவிட்டார்கள். கிதாரில் பலர் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி சேர்ப்பார்கள். மேஜரா மைனரா என்று அடித்துச் சொல்லாமல், மெட்டுக்கு இடம் விட்டுத் திறந்து ஒலிக்கும் சுருதி அது. தாளத்துக்கு பௌரான்: ஆட்டுத்தோல் கட்டிய அகன்ற கஞ்சிரா போன்றது, சலங்கை கிடையாது. ஒரு கை தோலின் பின்புறம் அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும், மறு கை சிறு குச்சியால் வாசிக்கும்.

படி 5: காலவரிசையில் கேளுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதம் கொடுங்கள். பலர் நேராக இன்றைய குழுக்களுக்குப் போய்விடுகிறார்கள். பழைய தனி வாசிப்பைக் கேட்காமல் குழுவைக் கேட்டால், அந்தக் குழு எதை அலங்கரிக்கிறது என்றே தெரியாது.

முதலில் 1920, 30களின் நியூயார்க் பதிவுகள். ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து அமெரிக்கா போன மைக்கேல் கோல்மன் என்ற ஃபிடில்காரர் அங்கே இசைத்தட்டுகள் பதிவுசெய்தார். அந்தத் தட்டுகள் கடல்கடந்து அயர்லாந்துக்குத் திரும்பி வந்து, ஊர் ஊராக வாசிப்பையே மாற்றின. அவர் மூன்று ரீல்களைச் சேர்த்து 1934இல் பதிவுசெய்த டார்போல்டன் செட்டை இன்றும் அதே வரிசையில் வாசிக்கிறார்கள். பின்னணியில் பியானோ சில இடங்களில் பொருந்தாமல் தட்டுவது கேட்கும். அதைப் பொறுத்துக்கொண்டு வில்லை மட்டும் பின்தொடருங்கள்.

இதே புலம்பெயர்ந்த உலகத்தில் இன்னொருவரையும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்க்கில் பிறந்து சிகாகோவின் காவல்துறைத் தலைவரான ஃபிரான்சிஸ் ஓ'நீல், அங்கே குடியேறியிருந்த ஐரிஷ்காரர்களிடமிருந்து மெட்டுகளைச் சேகரித்து, 1903இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். இன்றைக்கும் வாசிப்பவர்கள் புரட்டும் தொகுப்பு அது. பஞ்சமும் வேலையும் விரட்டிய மக்களின் இசை, அவர்கள் போய்ச் சேர்ந்த ஊரில் எழுத்தாகவும் தட்டாகவும் நிலைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அடுத்து கெய்லி பேண்டுகள்: நடன அரங்குக்காகப் பத்துப் பேர் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கும் அமைப்பு. கிளேரின் கில்ஃபெனோரா கெய்லி பேண்டின் பதிவு ஒன்றிரண்டு போதும்.

1960களின் தொடக்கத்தில் ஷான் ஓ ரியடா என்ற இசையமைப்பாளர் வேறொரு கேள்வி கேட்டார். எல்லோரும் எல்லா நேரமும் ஏன் வாசிக்க வேண்டும்? ஒருவர் தனியாக, பிறகு இருவர், பிறகு அனைவரும் என்று கருவிகளைப் பிரித்துக் கொடுத்தார். பௌரானுக்கு மேடையில் மரியாதை வந்ததும் அவரால்தான். அவருடைய குழுவில் இருந்த பைப்ஸ் கலைஞர் பேடி மலோனி 1962இல் தொடங்கியதுதான் தி சீஃப்டன்ஸ்.

1970களில் பிளாங்ஸ்டி என்ற குழு வந்தது. லியம் ஓ ஃப்ளின்னின் பைப்ஸோடு புஸூக்கியும் மாண்டலினும் பின்னிப் போகும். பிறகு தி பாத்தி பேண்ட். 1975இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம், கெஷ் என்ற எளிய ஜிக்கில் தொடங்கும். அடியில் கிதாரும் புஸூக்கியும் கிளாவினெட் என்ற கீபோர்டும் தள்ளும் தள்ளலைக் கேட்டால், இன்றைய குழுக்கள் எங்கிருந்து வந்தன என்று விளங்கிவிடும். அங்கிருந்து டொனிகால் பாணி ஃபிடிலுக்கு ஆல்டன், பாட்டில்லாமல் வாத்தியத்தையும் டபுள் பாஸையும் வைத்தே கச்சேரியை நிரப்பும் லூனசா, மெட்டை மெதுவாக்கி உள்ளே போய்ப் பார்க்கும் கிளேர் ஃபிடில்காரர் மார்ட்டின் ஹேய்ஸ் என்று போகலாம். வேகம்தான் ஐரிஷ் இசை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் ஹேய்ஸைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அக்கம்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன மெட்டு, கனடாவின் கேப் பிரெட்டன் ஃபிடில், பிரிட்டனியின் பொம்பார்ட். பொம்பார்ட் இரட்டை நாணல் வாத்தியம், நாகஸ்வரத்தின் சீவாளிக்கு உறவு. சிறிய பேக்பைப்பான பினியுவோடு ஜோடி சேர்ந்து, ஒரு வரியை இருவரும் வாசிக்க, அடுத்த வரியில் பொம்பார்ட் மூச்சு வாங்கிக்கொள்ள பினியு தொடரும். திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒலி அந்நியமாகவே இருக்காது.

படி 6: முதல் மெட்டை வாசியுங்கள்

கையில் எந்த வாத்தியமும் இல்லையென்றால் டி சுருதி டின் விசில் வாங்குங்கள். விலை குறைவு, ஆறு துளைதான். ஆறும் மூடினால் டி. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி. அழுத்தி ஊதினால் மேல்ஸ்தாயி. சி சுருதி விசிலைத் தவறுதலாக வாங்கிவிடாதீர்கள். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க டி-தான் வேண்டும்.

முதல் மெட்டாக கெஷ் ஜிக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஜி-யை ஸட்ஜமாக, அதாவது மேல் மூன்று துளைகளை மூடி வரும் ஸ்வரத்தை ஸ-வாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பார் இப்படிப் போகும். காற்புள்ளி ஓர் எழுத்து நீட்டல். ஸ் என்பது மேல் ஸட்ஜம்:

ஸ , , ஸ ரி க | ரி , , ரி க ப
த ப ப ஸ் ப ப | த ப க ப க ரி

பாடிப் பாருங்கள். இந்த நான்கு பாரில் மோகனத்தின் ஸ்வரங்கள் மட்டுமே இருக்கின்றன. முதல் பகுதி முடியும் இடத்தில் கீழ் நிஷாதம் வந்து, இது சங்கராபரண வரிசை என்று சொல்லிவிடும்.

மீதியை நான் எழுதித் தரவில்லை. காதால் எடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்து, இரண்டிரண்டு பாராகக் கேட்டு, பாடி, பிறகு வாசியுங்கள். பாட வராத வரியை விரல் வாசிக்காது. தி செஷன் என்ற இணையதளத்தில் ஆயிரக்கணக்கான மெட்டுகள் எழுத்து வடிவில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் சரிபார்க்க மட்டும் அங்கே போங்கள். ஒரே மெட்டு பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும், அதில் எதுவும் தப்பில்லை.

படி 7: அலங்காரம், கடைசியாக

மெட்டு தூங்கி எழுந்தாலும் வரும் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அலங்காரம். கட் என்றால் ஒரு ஸ்வரத்துக்கு முன் மேல் விரலை மின்னல்போலத் தூக்கி வைப்பது. டாப் என்றால் கீழ்த் துளையை ஒரு தட்டு. நீண்ட ஸ்வரம் ஒன்றை ஒரு கட், ஒரு டாப் போட்டு மூன்றாக உடைத்தால் அது ரோல். மேலே கெஷ்ஷின் தொடக்கத்தில் 'ஸ , ,' என்று நீள்கிறதே, ரோல் உட்காரும் இடம் அதுதான்.

நம் கமகத்தில் பழகியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். கட்டையும் டாப்பையும் ஸ்வரமாகக் கேட்கும்படி, வளைத்து இழைத்து வாசிப்பார்கள். இவை சுருதியில் நிற்கும் ஸ்வரங்கள் இல்லை. தாளத்தைச் செதுக்கும் சொடுக்குகள். மிருதங்கச் சொல்லாக நினைத்துக்கொண்டு வாசித்தால் சரியாக வரும்.

படி 8: செஷனில் உட்காருங்கள்

செஷன் என்றால் பப்பின் ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது. மேடையும் கிடையாது, கைதட்டலுக்கான காத்திருப்பும் கிடையாது. உலகின் பல நகரங்களில் நடக்கிறது. கிளேரின் மில்டவுன் மால்பேயில் 1973 முதல் நடந்துவரும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளியின் சமயத்தில் அந்தச் சிற்றூர் முழுக்கவே செஷனாகிவிடும்.

முதல்நாள் போனதும் வாத்தியத்தைப் பையிலிருந்து எடுக்காமல் ஒரு மணி நேரம் கேளுங்கள். யார் தொடங்கி வைக்கிறார், மெட்டு மாறும்போது யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். தெரியாத மெட்டைத் தடவித் தடவி வாசிக்காதீர்கள். பௌரான் ஒன்று ஏற்கெனவே ஒலிக்கிறது என்றால் இரண்டாவதாகச் சேராதீர்கள், கிதாருக்கும் அப்படியே. பதிவுசெய்யக் கேட்டு அனுமதி வாங்குங்கள். உங்களை ஒரு மெட்டு தொடங்கச் சொன்னால், உங்களால் நிம்மதியாக வாசிக்க முடிந்த வேகத்தில் தொடங்குங்கள். மற்றவர்கள் அந்த வேகத்துக்கு வருவார்கள். அது அங்குள்ள மரியாதை.

படி 9: குழுவாக ஒரு செட் அமையுங்கள்

ஃபிடில், விசில், கிதார் அல்லது புஸூக்கி, பௌரான். நான்கு பேர் போதும். ஒரு ஜிக் செட்டை எடுத்துக்கொள்வோம்: ஜி மேஜரில் கெஷ், ஈ டோரியனில் மாரிசன்ஸ், டி மேஜரில் கன்னாட்மேன்ஸ் ராம்பிள்ஸ். நம் மொழியில் சங்கராபரணம், கரஹரப்ரியா, மறுபடி சங்கராபரணம், மூன்றும் வெவ்வேறு ஸட்ஜத்தில். நடுவில் நிறம் இருண்டு, கடைசியில் வெளிச்சம் திரும்பும். நிமிடத்துக்கு 116 தட்டு (ஒரு பாருக்கு இரண்டு தட்டு) என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 33 விநாடி. மூன்று மெட்டு, மூன்று சுற்று என்றால் ஐந்து நிமிடம். மேடைக்கு அளவான நேரம்.

இப்போது யார் எங்கே நுழைவது? கெஷ்ஷின் முதல் சுற்றை விசில் தனியாக வாசிக்கட்டும். கேட்பவருக்கு மெட்டு மனதில் பதியும். இரண்டாம் சுற்றில் புஸூக்கி மெல்ல வரட்டும், கார்டு மாற்றாமல் சுருதி மட்டும் பிடித்தபடி. மூன்றாவதில் ஃபிடில். பௌரானை மாரிசன்ஸ் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். காத்திருப்பது வாசிப்பதைவிடக் கடினம், ஆனால் அது நுழையும் கணத்தில் அரங்கமே நிமிர்ந்து உட்காரும். மாரிசன்ஸின் இரண்டாம் சுற்றில் ஃபிடில் நீண்ட ஸ்வரங்களை மட்டும் பிடிக்கலாம்.

எந்த இடத்திலும் யாராவது ஒருவர் மெட்டைச் சுத்தமாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிய குழுக்கள் பல, ஜாஸ் கார்டு, டிரம் கிட், எலக்ட்ரானிக் ஒலி என்று அடுக்கும்போது மெட்டைத் தொலைத்துவிடுகின்றன. நவீனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் மார்ட்டின் பென்னட் நடன அரங்கின் மின்னணுத் தாளத்தோடு பைப்ஸைச் சேர்த்தார். அதற்குள்ளும் மெட்டு தலைநிமிர்ந்து நிற்கும். ஒத்திகையைப் போனில் பதிவுசெய்து, இசை தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். கேட்டு முடித்ததும் அவரால் ஒரு வரியாவது முணுமுணுக்க முடியவில்லை என்றால் துணைக் கருவிகளைக் குறையுங்கள்.

இன்னொன்று. எல்லா மெட்டுகளும் பெயரற்ற முன்னோர்களுடையவை இல்லை. பிலடெல்பியாவில் பிளம்பராக வேலை பார்த்த எட் ரீவியின் ரீல்களும், சிகாகோவின் லிஸ் கேரல் இயற்றியவையும் செஷன்களில் பழைய மெட்டுகளோடு கலந்தே ஒலிக்கின்றன. மேடையில் வாசித்தால் பெயரைச் சொல்லுங்கள், பதிவில் எழுதுங்கள்.

மெட்டு மாறும் இடத்தை மட்டும் தனியாகப் பத்து முறை பழகுங்கள்: முதல் மெட்டின் கடைசி நான்கு பார், அடுத்ததின் முதல் நான்கு பார். துணை வாசிப்பவர் ஒரு பார் முன்னதாகவே புதிய ஸட்ஜத்துக்கு ஆயத்தமாக வேண்டும். மாறும்போது ஒருவர் தலையசைக்கட்டும், அல்லது 'ஹப்' என்று ஒரு குரல்.

முடிவையும் பேசி வையுங்கள். கன்னாட்மேன்ஸ் ராம்பிள்ஸின் மூன்றாம் சுற்றில் கடைசி எட்டு பார் வரும்போது பௌரான் நின்றுவிடட்டும், புஸூக்கி அடங்கட்டும், ஃபிடிலும் விசிலும் மட்டும் ஒரே மெட்டை ஒன்றாக வாசித்து வந்து டி-யில் சேர்ந்து நிற்கட்டும்.